நாற்பத்தெட்டு நிமிஷம்

“இன்னும் முப்பத்தொரு நிமிஷம்,” என்று முணுமுணுத்தார் ஜன்னலோரத்து ஆள். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

பக்கத்து இருக்கையில் இருந்த தையல்காரி சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள். தங்கைக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்து, பிள்ளைகள் இரண்டையும் புருஷனிடம் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறியவள் அவள்.

அவர் மடியில் ஒரு சின்ன நோட்டு. ஓரக்கண்ணால் பார்த்தாள். ‘340 கிலோமீட்டர், 48 நிமிஷம்’ என்று மேலே எழுதி, நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார். போன நிமிஷங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

“சொந்த ஊருக்குப் போறீங்களா ஐயா?” மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

“இந்தத் தூரத்தை ஏழு மணி நேரத்துக்குக் குறைஞ்சு நான் பஸ் ஓட்டினதே இல்லம்மா. இப்ப நாப்பத்தெட்டே நிமிஷமாம்! நடக்கிற காரியமா?” சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். “உனக்குப் புள்ளைங்க இருக்கா?”

“ரெண்டு.”

“ஏறுறதுக்கு முன்னாடி அதுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டியா?”

“எ... எதுக்குக் கேக்குறீங்க?”

விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தேய்ந்துபோன வலது செருப்பால் தரையை ஓங்கி அழுத்தினார். காலுக்கடியில் எதையாவது மறைத்து வைத்திருக்கிறாரா? குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினாள். சின்ன வயசுக் குரல். “மேகம் கொஞ்சம் கூடுதலா இருக்கு. எல்லாரும் பெல்ட்டைப் போட்டுக்குங்க. பயப்பட ஒண்ணுமில்ல.”

அந்தக் குரல் ஓய்கிற வரைக்கும் அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“இருபது நிமிஷம்,” என்றார் கண்ணைத் திறந்து. “அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும்.”

இனிப் பொறுக்க முடியாது. பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பணிப்பெண் வந்து சேர்ந்தாள்.

“இங்க பாரும்மா, இந்த ஆளு...” தையல்காரி கண்ணாலேயே அவர் காலைக் காட்டினாள். அது இன்னும் தரையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

பணிப்பெண் அந்தக் காலைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள்.

“சார், குலுங்கினா உங்ககிட்ட இதைச் சொல்லச் சொல்லி கேப்டன் கிளம்பும்போதே சொன்னாங்க,” என்றாள். “‘அப்பா, காலை எடுங்க. பிரேக் என்கிட்ட இருக்கு.’”