சூட்டுத் திருடன்

"கீழே பச்சை உடம்புக்காரி குளிர்ல நடுங்கிட்டுக் கிடக்கா. இந்த மனுஷன் மேல உட்கார்ந்து சூட்டையெல்லாம் தின்னுட்டிருக்காரு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

முதல் மாடி குய்லான் குச்சி ஐஸைக் கடித்துக்கொண்டே பொரிந்தாள். சீனாவின் ஹார்பினில் டிசம்பர் மாதம். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு. அவளோ கையில்லாத பனியனில் இருந்தாள். போன கோடையில் வீட்டைப் புதுப்பித்ததிலிருந்து உள்ளே அப்படி ஒரு சூடு. ஐஸ் சொட்டுச் சொட்டாக உருகியது.

தரைத்தளத்து நிங்குக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். ஒரு மாதத்துக்குக் குளிர் அவள்மேல் படவே கூடாது. வீட்டிலோ பதினான்கு டிகிரிதான். வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர், ரேடியேட்டர்கள் வழியாக ஒரே குழாயில் மாடி மாடியாக இறங்கி, கடைசியில்தான் அவளிடம் வரும்.

இரண்டாம் மாடி பாங் சார் போன மாதம்தான் குழாய் வேலை பார்த்தார். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

குய்லான் கோட்டை மாட்டிக்கொண்டு, ஐஸும் கையுமாக, குழாய் ஃபிட்டர் லூவை இழுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவு திறந்தது. பாங் சார் பஞ்சுக் கோட்டும் காதை மூடிய தொப்பியுமாக நின்றார்.

"வீட்டுக்குள்ள எதுக்கு சார் இந்த வேஷம்? நாங்க வருவோம்னு தெரிஞ்சுபோச்சா?"

"வாங்கம்மா, டீ போடறேன்."

"டீயும் வேண்டாம், கீயும் வேண்டாம். லூ அண்ணே, ஒரு இஞ்ச் விடாம பாருங்க!"

லூ அறை அறையாகத் தவழ்ந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, இங்க ஒரு ரேடியேட்டர்கூட ஓடல. எல்லா வால்வையும் மூடி வச்சிருக்காரு. பழைய வளைவையெல்லாம் வெட்டிட்டு, பெரிய குழாயா நேரா இறக்கியிருக்காரு. தண்ணி எங்கயும் தடுக்காம, சூடு குறையாம கீழ போகுது."

"எதுக்கு?"

பாங் சார் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "கீழ பிள்ளைப்பேறுன்னு சொன்னாங்க. நான் ஒண்டிக்கட்டை, எனக்குக் கோட்டு போதும். ஆனா இவ்வளவு செஞ்சும் அந்தப் பொண்ணுக்குச் சூடு போய்ச் சேரலையே!"

லூ சிரித்தார். "நடுவுல யாரோ அலமாரியைச் சுத்திக் குழாயை வளைச்சு, குளியலறைக்கும் ஒரு ரேடியேட்டர் இழுத்திருப்பாங்க சார். ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி முக்கி முனகித்தான் போகும். கீழ போறதுக்குள்ள ஆறிடும். ஆமா, உங்களுக்கு நேர் கீழ யார் வீடு?"

பாங் சார் டீக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போய்விட்டார்.

குய்லான் கையிலிருந்த ஐஸைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அது ஒரு சொட்டுகூட உருகவில்லை.

"லூ அண்ணே," அவள் குரல் முதன்முறையாக இறங்கியது. "குழாய் அறுக்கிற ரம்பம் கையோட இருக்கா? என் வீட்டுல பதினொரு வளைவு இருக்கு."