மரக்கூடு கட்டிய கார்

வெளியே தகரம், உள்ளே மரம், நாலு சக்கரம் இருந்தும் நகராது. அது என்ன? கொட்டகையில் நின்ற பழைய கார்தான்.

"உலகத்திலேயே நான் ஒன்றுதான். ஒரு ஜமீன்தாருக்காகத் தச்சர்கள் கையாலேயே மரக்கூடு கட்டி, மேலே தகடு போர்த்தினார்கள்," என்றது கார்.

குட்டியோடு இரை தேடி வந்த தாய்க் கறையான் நம்பவில்லை. "எல்லாக் காரும் இப்படித்தான் அளக்கும், அண்ணே. உள்ளேயும் தகரமாகத்தான் இருக்கும்."

காருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தகரமா? இடது கதவுக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. வேண்டுமானால் கடித்துப் பார்!"

இவ்வளவு தாராளமாகக் கூப்பிடுகிறதே, மருந்து பூசியிருக்குமோ? தாய்க்குச் சந்தேகம் இன்னும் கூடியது. "வாடி, வேறு இடம் பார்க்கலாம்."

"பசிக்கிறதம்மா," என்றது குட்டி.

குட்டிக் கறையான் இடது கதவுக்குள் போனது.