ஒருத்தி மட்டும்

அந்தக் குழுவின் பெயர் 'ஒருத்தி மட்டும்'. உறுப்பினர் ஒருவர்தான். அது நான்.

"மேடம், அஞ்சு மணிக்கு இந்த சர்வரை அணைச்சாகணும். ஒத்த ஆள் இருக்கற குரூப்பையெல்லாம் தூக்கிடுங்க," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அந்த ஒத்த ஆளே நான்தாங்க."

"அப்ப உங்களையும் சேத்துத் தூக்கிடுங்க!"

சிரித்தேன். கை மட்டும் மவுஸிலேயே நின்றது.

சர்வரில் குழு என்பது ஒரு சாவிக்கொத்து. ஆளுக்கு ஆள் சாவி வெட்டிக்கொண்டிருக்க முடியாது. படிவப் பிரிவு என்று ஒரு குழு போட்டு நாலு பேரைச் சேர்த்தால், பிரிவின் கோப்புறைகள் நாலு பேருக்கும் திறக்கும்.

அதில் ஒருவருக்கு மட்டும் ஒரு கோப்புறையை மூட வேண்டுமென்றால், அவரைத் தனியே ஒரு தடைக் குழுவில் போட வேண்டும். பத்துக் குழு 'விடு' என்றாலும், ஒரு குழு 'விடாதே' என்றால் அந்த ஒன்றின் பேச்சுதான் எடுபடும்.

அழகான விதி. பதினான்கு வருடங்களுக்கு முன் எனக்கு இது தெரியாது.

அப்போது நான் படிவப் பிரிவில் தற்காலிக ஊழியை. வாரம் இருநூறு படிவம் கணினியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஏற்றியவரின் எண் இருக்கும். இரண்டு வாரம் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் அது. கண் சொக்கச் சொக்க வந்து உட்காருவேன். ஆனாலும் வாரக் கடைசியில் வரும் பட்டியலில் ஒரு வாரம்கூட என் இருநூறு குறைந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருடம்தான் மற்ற மூன்று பேரும் ஒரே திரையில் தலையைக் கவிழ்த்துக் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். நான் வந்தால் மூடிவிடுவார்கள். ஒருநாள் அந்தக் கோப்புறையை நானே திறந்து பார்த்தேன். அனுமதி இல்லை என்றது.

அந்த மூவரில், சில்லறையைக் கொட்டியதுபோலச் சிரிப்பவள் எங்கள் சில்லறை அக்கா. அவளிடம் கேட்டேன்.

"உனக்கெதுக்குடி அதெல்லாம்? போய் டீயக் குடி."

அன்றோடு மூவரிடமும் பேச்சை நிறுத்தினேன். வாரக் கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு கணினிப் பிரிவுக்கு வந்தேன். எனக்கு எப்படிக் கதவை மூடினார்கள் என்ற எரிச்சலில்தான் இந்த வேலையையே கற்றேன். அக்கா ஓய்வுபெற்றதுகூட மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பிரிவின் பழைய சர்வர் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. நிர்வாகி என்பதால் அதில் எல்லாமே எனக்குத் திறந்தன, அந்த ஒன்றைத் தவிர.

மணி நாலே முக்கால். என்னைத் தடுத்துவைத்திருந்த அந்த 'ஒருத்தி மட்டும்' குழுவிலிருந்து என்னை நீக்கினேன்.

நீக்கினாலும் உடனே திறக்காது. உள்ளே நுழையும்போது கையில் தந்த சாவிக்கொத்தைத்தான் சர்வர் நம்பும். வெளியேறி, மறுபடி நுழைய வேண்டும். நுழைந்தேன்.

உள்ளே ஒரே ஒரு அட்டவணை. வாரத்துக்கு ஒரு வரி.

முதல் வரி: அவள் ஏற்றியது 61. மீதி 139. அதற்கு எதிரே மூன்று பெயர்கள்: 50, 45, 44. கீழே ஒரு குறிப்பு: 'அவ எண்ணையே போடுங்க. அவளுக்குத் தெரியக் கூடாது.'

ஐம்பத்தோரு வரிகள். ஒன்றில்கூட நான் இருநூறைத் தொடவில்லை.

கடைசி வரி, நான் அவர்களோடு பேச்சை நிறுத்திய வாரம்.

அவள் ஏற்றியது 88. மீதி 112.

இரண்டு பெயர்களுக்கு எதிரே வெறும் கோடு.

சில்லறை அக்கா: 112.