ஏமனுக்கு எதிரான ஓட்டு

கல்லூரியில் மாணவர்கள் ஆளுக்கொரு அரபு நாட்டின் பிரதிநிதியாக நடிக்கும் ‘மாதிரி அரபு லீக்’ கூட்டத்தில் ஏமன் நாட்டுக்காகப் பேச இன்சுவை ஆசைப்பட்டாள். ஒரு மாதம் அந்நாட்டின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்தாள். குலுக்கலில் ஏமன் அறைத்தோழி ஜுவைரியாவுக்குப் போனது. இவளுக்குக் கிடைத்தது கொமொரோஸ் என்ற குட்டித் தீவு நாடு. தோழி கேட்டபோது மறுக்க முடியாமல் குறிப்புகளைக் கொடுத்தாள். அவற்றை வைத்தே ஜுவைரியா குரல் தழுதழுக்கப் பேசினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது, இன்சுவையும் தட்டினாள். அடுத்து, ஏமன் கொண்டுவந்த தண்ணீர்த் தீர்மானத்தின் மீது ரகசிய வாக்கெடுப்பு. இன்சுவை சீட்டில் ‘எதிர்க்கிறேன்’ என்று எழுதி மடித்துப் போட்டாள். தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. ஜுவைரியா நேராக வந்து அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

“நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியேடி. அது போதும்.”

“பின்னே, போடாம இருப்பேனா?” என்றாள் இன்சுவை.