ஆடுற ஸ்கோப்பு

ஏர்கன் மேல குறி பாக்கப் புதுசா மாட்டின சீப் ஸ்கோப்புக்குச் செம கடுப்பு. ஓனர் ஒவ்வொரு குண்டுக்கும் குறியைச் சரி பண்ண அதோட திருகைத் திருப்பித் திருப்பி விடுறான், ஆனா எதிர்ல இருக்குற தகர டப்பா மேல ஒரு கீறல்கூட விழல.

"அண்ணே, என்னைப் புடிச்சிருக்குற கிளாம்ப்புல ஸ்க்ரூ லூசு. சுடும்போது நீ பின்னால உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் நான் நகர்றேன். இன்னிக்கும் குண்டு படலன்னா என்னைக் கடைக்கே திருப்பி அனுப்பிடுவான். நீயாவது சொல்லேன்."

"சொன்னா, ஏன் இப்படி உதைக்கிறேன்னு என்னைப் பிரிச்சு மேய்வான்டா," ன்னுச்சு ஏர்கன். "உனக்கு முன்னாடி மூணு பேரு போயாச்சு. நான் வாயத் தொறந்தேனா?"

மறுநாள் ரெண்டு மடங்கு விலையில இன்னொரு ஸ்கோப்பு வந்து அதே கிளாம்ப்புல உக்காந்துச்சு.

"லேசா ஆடுதே, அண்ணே?"

"பழகிடும், தம்பி."