ஏரிக்கரையில் ஓர் உண்ணிக்கொக்கு

ஏரி உறையத் தொடங்கிய காலையில் சிவகௌரியின் வீட்டுப் பின்புறம் பெரிய கமராக்களோடு சனம் கூடி நின்றது. கரைப்பனியில் ஓர் உண்ணிக்கொக்கு. அவள் விட்டு வந்த ஊரில் மாடுகளின் பின்னால் திரியும் அதே கொக்கு. இதைப் பார்க்கவா இவ்வளவு பேர் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இந்தக் குளிருக்க இது இஞ்ச வாறதே இல்லை அக்கா," என்றான் பக்கத்து வீட்டு நிமலன், கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்ப திரும்பிப் போகும்?"

"போகாது. வழி தவறி வந்தது. இண்டைக்கு ராக்குளிரைத் தாங்காது. அதுதான் எல்லாரும் இப்பவே வந்து நிக்கினம்."

அவன் சந்தோசமாகத்தான் சொன்னான். யாரோ அவளுக்கும் கோப்பி கொடுத்தார்கள். வாங்கி நன்றி சொன்னாள். பிறகு அதைப் பனியில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்தபடி கொக்கை நோக்கி நடந்தாள்.

"அக்கா, கிட்டப் போகாதேங்கோ, பறந்திடும்."

பறந்தால் எங்கே போகும்? கொக்கு பறக்கவில்லை. கழுத்தை நீட்டி, அவள் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தது. துரத்துவதா தூக்குவதா என்று தெரியாமல், விரித்த சால்வையோடு அவள் அப்படியே நின்றாள்.