பக்கத்துக் கதிரை

ஸுல்பிகாவின் கை மறுபடியும் ரேடியோ செட்டுப் பக்கம் போனது.

பின்னால் நின்ற ரிஷாத் அதைப் பார்த்துவிட்டான். காலையிலிருந்து இதே வேலைதான்.

அமெச்சூர் ரேடியோக்காரர்களின் போட்டி நடந்துகொண்டிருந்தது. பேச்சுக் கிடையாது. எழுத்து ஒலியாகப் போகும். கேட்பவரின் கணினித் திரையில் மறுபடி எழுத்தாக விழும். யார் கூடுதலான நிலையங்களைக் கூப்பிட்டுப் பதில் வாங்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மயிரிழை தள்ளி டியூன் பண்ணினாலும் திரையில் குப்பைதான் கொட்டும்.

ரேடியோச் சங்கத்தின் செட் உப்புவெளியில், கனகரத்தினம் வீட்டு மேல்மாடியில் இருந்தது. துறைமுகத்தில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போட்டியில் செட்டுக்கு முன்னால் உட்காரும் கதிரை எப்போதும் அவருக்குத்தான். டியூன் பண்ணும் பெரிய குமிழை ஒரு சுற்றுச் சுற்றிச் சரியான இடத்தில் நிறுத்திவிடுவார். முன்னே பின்னே தடவுகிற பழக்கம் கிடையாது.

இந்தமுறை அவரே சங்கத்தில் சொல்லியிருந்தார்.

"கண்டிச் சங்கத்துக்காரருக்குப் பின்னால போனமெண்டால் கதிரை ரிஷாத்துக்கு. நான் எழும்புறன்."

பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் வேலை, திரையில் விழும் நிலையப் பெயரைச் சரிபார்ப்பது மட்டும். செட்டைத் தொடக்கூடாது. இன்று அதில் இருந்த, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வரும் கணக்கு டீச்சர் ஸுல்பிகாவுக்கு அது தெரியாததல்ல.

ரிஷாத்துக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இதென்ன ரெண்டு பேர் டபிள்ஸ் போற சைக்கிளா? கையை எடுங்கோ."

"இல்ல ரிஷாத் நானா, சும்மா..."

"சும்மாவா? ஐயா, இவ செட்டை நோண்டிக்கொண்டே இருக்கிறா. நீங்க பார்க்கேல்லையா?"

"அப்பிடியோ?" என்றார் கனகரத்தினம். கண் திரையிலேயே இருந்தது.

"நான் இருக்கிறன் ஐயா பக்கத்தில. அவ போய்த் தேத்தண்ணி குடிக்கட்டும்."

"சரி. போயிட்டு வாங்கோ பிள்ளை."

ஸுல்பிகா செட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து கீழே குசினிக்கு இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அதன்பிறகு ஒருவரும் பதில் தரவில்லை.

ஜப்பான் நிலையமொன்று திரையில் பளிச்சென்று விழுந்தது. கனகரத்தினம் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார். ஜப்பான்காரர் வேறு யாருக்கோ பதில் கொடுத்தார். அடுத்து இத்தாலி. அதுவும் அப்படியே.

"செவிடன்கள்!" என்றார். "எனக்கு இவ்வளவு வடிவாய்க் கேக்குது. அவங்கட காதுக்கு என்ன வந்தது?"

"சோறு தின்னப் போயிருப்பாங்கள் ஐயா."

"எல்லா நாட்டிலயும் ஒரே நேரத்திலயோ?"

இணையத்தில் இருந்த புள்ளிப் பலகையில் கண்டிக்காரர் நெருங்கினார்கள். பிறகு தாண்டினார்கள்.

அப்போதுதான் ரிஷாத் செட்டில் எரிந்த சிவப்பு வெளிச்சத்தைக் கண்டான்.

பெரிய குமிழுக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ். அது அசைந்தால் சிவப்பு எரியும், கேட்கிற இடமும் அனுப்புகிற இடமும் விலகிவிடும்; அழுத்தினால் சரியாகிவிடும். கனகரத்தினம் ஜப்பானைத் துல்லியமாகத்தான் பிடித்திருந்தார். அவர் கூப்பிட்டது மட்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

யார் அசைத்தது?

ரிஷாத் அவருடைய கையைப் பார்த்தான். குமிழைப் பிடித்த விரல்கள் உறுதியாக இருந்தன. சுண்டுவிரல் மட்டும் நடுங்கியது. சுற்றும்போது அது சின்னக் குமிழில் போய் இடித்தது.

ஸுல்பிகா காலையிலிருந்து எதை நோண்டினாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

இனி அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே கதிரை தானாக வந்துவிடும். ரிஷாத் புள்ளிப் பலகையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டிச் சின்னக் குமிழை அழுத்தினான். வெளிச்சம் அணைந்தது.

அடுத்த கூப்பாட்டுக்கே பதில் வந்தது.

"பாத்தீரே! இப்பதான் முழிச்சிருக்கிறாங்கள்!"

"ஓம் ஐயா."

அதன்பிறகு ரிஷாத் விரலிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. இடித்தவுடன் அழுத்தினான். இடித்தவுடன் அழுத்தினான். கண்டிக்காரர் பின்னுக்குப் போனார்கள். தான் இவ்வளவு நல்லவனா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஸுல்பிகா மேலே வந்தபோது, 'நானும் கண்டுபிடித்துவிட்டேன்' என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பக் கீழே போய்விட்டாள்.

போட்டி முடிந்தது. கண்டிக்காரர் நன்றாகவே பின்னால் கிடந்தார்கள்.

ரிஷாத் கைதட்டினான். "வெண்டிட்டம் ஐயா! அடுத்த போட்டியும் உங்கடதான்!"

கனகரத்தினம் எழுந்தார். கதிரையை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

"இனி நீர் இரும்."

"ஏன் ஐயா? முன்னுக்குத்தானே நிக்கிறம்?"

அவர் வலக்கையை இடுப்பில் உடுத்திருந்த சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"கை நடுங்கிறது எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அந்தப் பிள்ளை கையைப் பாக்காத மாதிரியே குமிழைச் சரிசெய்து, என்னை அப்பிடியே நினைக்க விட்டுது, தம்பி. நீர் என்ர கையைப் பாத்திட்டீர்."